வெயிலில் போட்ட விதை உளுந்து

எங்கள் எம். புதுப்பட்டியில் வெயில் அடித்தால்தான் சம்பளம். பட்டாசு நன்றாகக் காய்ந்தால்தான் லோடு ஏறும். வானம் கறுத்தால் வீட்டுக்கு வீடு முகமும் கறுத்துவிடும். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் அதுதான்.

அந்த வருடம் அத்தை மாமாவிடம் சவால் விட்டிருந்தாள். யூரியா போடாமலே உளுந்து விளைவிப்பாளாம். தோற்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பழையபடி பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டும். அவள் நம்பியது வேளாண்மை அலுவலகத்தில் வாங்கிய ஒரு பொட்டலம் உயிர் உரத்தைத்தான்.

"இந்தக் கிருமி வேர்ல உக்காந்துக்கிட்டு, காத்தை இழுத்து அம்மோனியாவா மாத்திக் குடுக்குமாம். அப்புறம் யூரியா எதுக்கு?" என்றாள்.

"கரித்தூளை வாங்கிட்டு வந்து கதை சொல்றியா புள்ள?" என்று மாமா சிரித்தார்.

ஆறிய கஞ்சியில் தூளைக் கரைத்து, விதை உளுந்தை அதில் புரட்டி, இரண்டு சாக்குகளில் வேப்பமரத்தடியில் பரப்பினாள் அத்தை. "நெழல்லயே கெடக்கட்டும் தாயி, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டிராக்டரைக் கூப்பிடப் போனாள். வெயில் பட்டால் அந்தக் கிருமி செத்துப்போகும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிழலில் என்ன காயும்? ஒரு சாக்கைத் தரதரவென்று வெயிலுக்கு இழுத்தேன். இன்னொன்றை இழுக்கத் தெம்பில்லை.

அத்தை திரும்பி வந்ததும், "எம்புட்டு நல்லாக் காஞ்சிருக்கு, பாருங்க அத்தே!" என்று குதித்தேன். கொதிக்கும் விதையைக் கையில் அள்ளிப் பார்த்தவள், சாக்கை மறுபடி நிழலுக்கு இழுத்தாள். டிராக்டர் வந்து நின்றுவிட்டது. வெயிலில் கிடந்ததை வடக்குப் பாதியிலும், மற்றதைத் தெற்கிலும் விதைத்தாள்.

ஒரு மாதம் கழித்து மாமாவை அழைத்துப் போய், தெற்கே ஒரு செடியைப் பிடுங்கினாள். அடேயப்பா! வேரெல்லாம் கடுகு கடுகாய் முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே ரோஸ் நிறம்; கிருமி வேலை செய்வதற்கு அதுதான் அடையாளமாம். "செயிச்சாச்சு! செயிச்சாச்சு!" என்று வரப்பெல்லாம் ஓடினேன். வடக்குச் செடியிலோ இரண்டு மூன்று முடிச்சுதான், இலையும் வெளிறியிருந்தது.

"வித்தியாசம் தெரியணும்னுதான் இந்தப் பக்கம் சும்மா வெதைச்சேன். இப்பவாச்சும் நம்புறீகளா?" என்றாள் அத்தை.

மாமா குனிந்து, தானே நாலு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். "அடுத்த தடவை முழுசுக்கும் போட்டுரு புள்ள" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல அத்தே, ரெண்டு சாக்குலயும்தானே கலந்தீக! நான் பாத்தேனே!"

தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

தேய்த்துக்கொண்டே நினைத்தேன். பாவம், அத்தைக்கு ஞாபக மறதி. வடக்குப் பக்கம் அந்த மட்டுக்காவது முளைத்ததே, நான் வெயிலில் போட்டு எடுத்ததால்தான்.