கெவிசேனுவோ அக்காவின் காளை

மலைச்சரிவில் கெவிசேனுவோ அக்காவின் வயலில் எத்தனை படிகள் என்று எங்கள் ஊர்ச் சபையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு ஆண்களில் ஒருவருக்காவது தெரியுமா? பதினேழு. மழைக்குச் சரிந்த கரைக் கற்களை வருஷா வருஷம் எடுத்து அடுக்கியவள் அவள். முதுகுக் கூடையின் வாரை நெற்றியில் மாட்டி நெல்லை ஊர்வரை ஏற்றியவளும் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளாமல், படுக்கையில் விழுந்த தகப்பனுக்குப் பத்து வருஷம் கஞ்சி ஊட்டினாள். அந்தப் பத்து வருஷமும் அவள் சித்தப்பா மகன் ஜாகியெ கோஹிமாவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தான், அதுவும் ஆற்றில் மீன் பிடிக்க வந்தபோது.

பூர்வீக வயல் பெண்ணுக்குப் போகாது. ஆனால் சாவுக்கு மாடு அடித்து ஊருக்கே பங்கு கொடுத்தவர் வயலைக் கேட்டு வாயைத் திறந்தால் சபை கேட்டாக வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்தான். அக்கா அதை நம்பினாள். தகப்பன் செத்த அன்று, தான் வளர்த்த ஒரே காளையை அவிழ்த்துக் கொடுத்தாள். வெட்டிப் பங்கு போடுவது ஆண் வேலை. கூடப்பிறந்தவன் இல்லை என்பதால் ஜாகியெ கையில் கத்தியைக் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். அவனோ சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வீட்டுக்காரன் தோரணையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கறியைக் கொடுத்தான். முதல் ஆளாக வாங்கியவன் நான்.

மறுமாதம் வயல் தனக்குத்தான் என்று சபைக்குப் போனான் ஜாகியெ.

"காளை யாருது, பெரியப்பா?" என்று கேட்டாள் அக்கா.

"உன்னோடதுதான் தாயி. யாரு இல்லேன்னது?" என்றார் சபைத் தலைவர் விசாகோ. "பங்கு குடுத்தது யாருங்குறதுதான் கேள்வி." சாட்சிக்கு நின்ற என் பக்கம் திரும்பினார். "நெய்பூ, உனக்குக் கறி யாரு கையால வந்துச்சு?"

"ஜாகியெ கையால."

பொய் இல்லை. ஆனால் அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்க எனக்குத் துப்பில்லை. எனக்குப் பின்னால் ஏழு பேர் அதையே ஒப்பித்தார்கள். வயல் போயிற்று.

அக்கா அழவில்லை. "பொம்பள கத்தியத் தொடக் கூடாதுன்னதும் நீங்கதான். தொடலேன்னு வயலப் புடுங்குறதும் நீங்கதான். நல்லா இருக்குய்யா உங்க ஞாயம்!" என்று கத்திவிட்டு வெளியே போனாள். பிறகு என்ன, அரிசிக் கள் சுற்றி வந்தது. நானும் குடித்தேன்.

நடவு வந்தது. மேல்படிக்குத் தண்ணீர் ஏறாமல், வெட்கமே இல்லாமல் அவளிடமே வந்து நின்றான் ஜாகியெ.

"அக்கா, எந்தக் கல்ல நகத்தணும்?"

"சபையில போய்க் கேளு. அங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்க இருக்காங்க."

இப்போது அவள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடுகிறாள். போன வாரம் மனசு கேட்காமல், அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய பன்றிக்கறியில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அதைத் தொடவில்லை.

"நெய்பூ, சபையில மறுபடி அதையே கேட்டா என்ன சொல்லுவ?"

நான் வாய் திறக்கவில்லை.

"அன்னிக்கும் இப்படியே நின்னுருக்கலாமேடா" என்றாள்.