மேல் தட்டில் வைத்த மருந்து

அன்றைக்கு வயலில் நான்கு பேர் இருந்தோம். அறுவடை மெஷின் ஓட்டுகிற நான், எனக்குத் துணையாக வந்திருந்த என் மனைவியின் தம்பி, நெல் ஏற்ற வந்த டிராக்டர்க்காரர், வயலுக்குச் சொந்தக்கார அம்மா. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார்.

எங்களுக்கு ஆத்தூர் பக்கம். தை பிறந்தால் முதலாளியின் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமையில் இறங்குவோம். சம்பா அறுப்பு முடிந்து ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றி வீடு திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். எனக்குச் சர்க்கரை. இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி.

வெளியூரில் படுத்துவிடுவோமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. காலையில் எழுந்ததும் பாதத்தைத் தூக்கி, முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று செல்போனில் படம் எடுத்துப் பார்ப்பேன். அரை மணி நேரம் வரப்பில் நடப்பேன். சாப்பாடு கொண்டுவருகிற வீடுகளில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிக் கேட்பேன்; கேட்கக் கூச்சமாக இருக்கும். மருந்தைச் சின்ன மண்கலயத்தில் வைத்து, ஈரத்துணி சுற்றி, நிழல் பார்த்து வைப்பேன். வருடக்கணக்காக அது கெட்டதில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கம் அந்த ஊருக்குப் போனது மாசியில். வெயில் ஏறிவிட்டது. கலயம் தாங்காது என்று எனக்குள் ஓர் அரிப்பு. அந்த அம்மா வீட்டுக் களத்தில்தான் தங்கியிருந்தோம். அவர்களிடம் இன்சுலின் பாட்டில் இரண்டையும் டப்பாவோடு கொடுத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். எந்தத் தட்டில் என்று கேட்டார்கள்.

“மேல ஐஸ் பெட்டியிலயே வைங்கம்மா. நல்லா ஜில்லுனு இருக்கட்டும்.”

அந்த அம்மா டப்பாவை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார்கள்.

காலையில் மருந்து கல்லாக இருந்தது. மடியில் வைத்து இளக்கிப் போட்டுக்கொண்டேன். நான்கு நாள் அப்படியே நடந்தது. தாகம் அடங்கவில்லை. குடம் குடமாகக் குடித்தேன்.

“வாய்க்கால்ல தண்ணி ஏன் இறங்குதுன்னு பாத்தேன். நீங்கதானா மாமா?” என்றான் மச்சினன். வெயில்தான் காரணம் என்று நானும் சிரித்தேன். பாதத்தை மட்டும் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள், அந்த அம்மாவின் வயலில் பாதி அறுத்திருந்தேன். கதிரும் வரப்பும் ஒரே மஞ்சளாகக் கலங்கின. மெஷின் வரப்பில் ஏறிச் சாய்ந்து நின்றது. டிராக்டர்க்காரர் ஓடிவந்து சாவியைத் திருப்பி அணைத்தார். நான் இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா ஸ்கூட்டரை எடுத்து வந்தார்கள். மச்சினன் பின்னால் உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் பட்டுக்கோட்டைக்குப் போனோம்.

மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்ட டாக்டர் திட்டவில்லை. உறைந்துபோன இன்சுலின் அதற்கப்புறம் வேலை செய்யாது, இத்தனை நாளாக வெறும் தண்ணீரைத்தான் குத்திக்கொண்டீர்கள், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்து சொன்னார்கள்.

“உறைய வைக்கக் கூடாதுன்னு டப்பாவுல இங்கிலீஷ்ல போட்டுருந்துச்சுண்ணே. நான் படிச்சேன். வருஷக்கணக்கா போடுறவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு பேசாம இருந்துட்டேன்.”

நான் ஆறாவதோடு நின்றவன். அதைச் சொல்லியிருந்தால் அவர்கள் படித்துக் காட்டியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் பயந்த நான், இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொல்ல மட்டும் வெட்கப்பட்டேன்.

இப்போது எந்த ஊரில் மருந்து வாங்கினாலும் கடைக்காரரையே வாசித்துச் சொல்லச் சொல்கிறேன். பழைய கலயம்தான் கூட வருகிறது.

ஆஸ்பத்திரிக்கும் புது மருந்துக்கும் அந்த அம்மாதான் கட்டினார்கள். மெஷின் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அது உங்கள் முதலாளி காசு, நீங்களே வந்து கொடுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு வண்டி அந்தப் பக்கம் போகவில்லை. நான் அவர்களுக்குத் தரவேண்டியது இன்னும் ஆயிரத்து அறுநூற்றுப் பத்து ரூபாய்.