மகன் போட்டுக் கொடுத்த ரூம்

என் மகன் எங்கள் கல்யாண நாளை என்றைக்குமே ஞாபகம் வைத்துக்கொண்டவன் இல்லை. அதனால் அன்று காலை மாடியிலிருந்து இறங்கி வந்து, "ம்மா, உங்க கல்யாண நாளுக்கு ரெண்டு நாள் ஹோட்டல்ல ரூம் போட்டிருக்கேன், சனி ஞாயிறு" என்று அவன் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றியது.

"எந்த ஊர்லடா?"

"இங்கயேதான். பழைய பங்களா ஒண்ணை ஹோட்டலாக்கியிருக்காங்க. ரொம்ப ஸ்டைலா இருக்கும்."

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் கொஞ்ச தூரம்தான். "சொந்த வீடு பக்கத்துலயே இருக்கறப்போ எதுக்கு ஹோட்டல்ல போய்ப் படுக்கணும்?" என்றேன். "அனுபவிங்கம்மா" என்றான். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், நேராகவே இருந்த குழந்தையின் குல்லாவை மறுபடி நேராக்கினாள்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பரீட்சை ஹாலில் நடந்து நடந்து, எந்தப் பிள்ளை மடியில் காகிதம் வைத்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. என் கணவர் நேர் எதிர். ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர், யார் எதைச் சொன்னாலும் நம்புவார். "போலாமே, நல்லாத்தான இருக்கும்" என்று உடனே சொல்லிவிட்டு நியூஸ் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

என் சந்தேகம் முதலில் பில்டர் மேல் போனது. எங்கள் தெருவில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கின்றன. போன மாதம் யாரோ இரண்டு பேர் எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே நின்று வீட்டை அண்ணாந்து பார்த்ததை நான் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். எங்களை அனுப்பிவிட்டு வீட்டைக் காட்டப் போகிறார்களோ என்று நினைத்தேன். கணவரிடம் சொன்னபோது, "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று சிரித்தார்.

சனிக்கிழமை மகனே காரில் கொண்டுபோய் விட்டான். உள்ளேகூட வரவில்லை. "டைம் ஆச்சும்மா" என்று வாசலிலேயே திரும்பினான். விடுமுறை நாளில் அப்படி என்ன டைம்?

அந்தக் கட்டடத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கூரைக்குக் கீழே மரச்சட்டத்தால் ஜாலி வைத்த கூம்பு ஜன்னல்கள், பெங்களூரில் நாங்கள் மங்கி டாப் என்று சொல்வது. முன்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம். கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க இங்கேதான் வந்து நின்றேன். அப்போது இது ஆபீஸாக இருந்தது. சுவரெல்லாம் வெற்றிலைக் கறை, வராந்தாவில் கிழிந்த கோணி மூட்டைகள். இப்போது அதே வராந்தாவில் வெள்ளை மெத்தை போட்ட பிரம்பு நாற்காலிகள்.

ரிசப்ஷனில் இருந்த பெண் கை கூப்பி, "வெல்கம் ஹோம், மேடம்" என்றாள். என் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏதோ இலை போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். எதிர்ச் சுவரில் கட்டடத்தின் வரலாறு என்று பெரிய கண்ணாடிச் சட்டம். ஒரு ராணுவ டாக்டர் கட்டினாராம், அவர் மனைவி ரோஜாத் தோட்டம் போட்டாளாம், இங்கே நடனமெல்லாம் நடக்குமாம். அதற்கு அடுத்த வரியிலேயே ஹோட்டல் வந்துவிட்டது. ரேஷன் ஆபீஸைக் காணோம். நாங்கள் வெயிலில் வரிசையில் நின்றதை அப்படியே துடைத்துவிட்டார்கள்.

"இதை மறைக்கிறவங்க வேற என்னென்ன மறைப்பாங்களோ" என்றேன்.

"ரேஷன் ஆபீஸ்னு எழுதினா எவன் வந்து தங்குவான்?" என்றார் கணவர்.

அறையும் அப்படித்தான். மூலையில் பழைய டிரங்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மேல் பெட்டியைத் திறந்து பார்த்தேன், காலி. மேஜையில் சுழற்றுகிற கறுப்பு டெலிபோன். எடுத்துக் காதில் வைத்தேன், உயிரில்லை. தரை சிவப்பு ஆக்சைடு. அது மட்டும் நிஜம், காலில் குளிர்ச்சி தெரிந்தது. குளிக்கிற தொட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஜன்னலோரம் வைத்திருந்தார்கள், மறைப்பு இல்லாமல். "இந்த வயசுல இதுல எப்படிங்க குளிக்கிறது?" என்றேன். கணவர் குழந்தை மாதிரி குழாயைத் திறந்து திறந்து மூடினார். சாப்பிட்டுவிட்டு, தலையணை மாதிரி வீங்கியிருந்த மெத்தையில் படுத்து உடனே தூங்கியும் போனார்.

நான் வீட்டுக்குப் போன் செய்தேன். மருமகள் எடுத்தாள்.

"கொழந்தை தூங்கிட்டானா?"

"இல்ல அத்தே, ஆடிட்டு இருக்கான். நீங்க ரெஸ்ட் எடுங்க." அவளுடைய தமிழ் கன்னட இழுப்போடுதான் இருக்கும். அன்றைக்கு இழுப்பு போய் அவசரம் வந்திருந்தது. பின்னால் குழந்தை கிறீச்சென்று சிரித்தான். கூடவே ஒரு ஆண் இருமல். என் மகனுடைய இருமல் எனக்குத் தெரியாதா? இது அவனுடையது இல்லை.

"யாரும்மா அங்க?"

"டிவி அத்தே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டு டிவி பத்து நாளாக ரிப்பேரில் கிடந்தது.

கணவரை எழுப்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் பில்டரிடம் என்ன கேட்பது, மகனிடம் என்ன கேட்பது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். தெருமுனையிலேயே இறங்கிவிட்டேன்.

எங்கள் வாசலில் பெரிய தோல் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. கேட்டைத் திறக்காமல், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஹாலில் எங்கள் சோபா காலியாக இருந்தது. தரையில், சுவரில் சாய்ந்தபடி, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. குழந்தை அவர் மடியில் நின்றுகொண்டு மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான். அவர் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடி பிடுங்கக் கொடுத்தார். எதிரே மருமகள் காலை நீட்டி உட்கார்ந்து கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் மருமகளின் போனில் படம் பார்த்திருக்கிறேன். அவளுடைய அப்பா. ஓசூர் ரோட்டில் சந்தாபுராவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகள் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டதில் அவருக்குச் சம்மதமில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. பேரன் பிறந்தபோது அவர் மனைவி மட்டும் வந்து பார்த்துவிட்டு, அவசரமாகப் பஸ் பிடித்துப் போனாள். அவர் எங்கள் வீட்டுப் படியேற மாட்டார் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஏறியிருக்கிறார், நாங்கள் இல்லாதபோது.

"இன்னா டீச்சர், ஓட்டலுக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க?" பக்கத்து வீட்டு அம்மா பால் பாக்கெட்டோடு பின்னால் நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"மோட்டாரை ஆஃப் பண்ணினேனான்னு ஒரு சந்தேகம். பண்ணித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பில்டராக இருந்திருந்தால் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஹோட்டல் வராந்தாவில் கணவர் டீயும் கேக்கும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "பாத்துட்டியா?" என்றார்.

மகன், மருமகள், பக்கத்து வீட்டு அம்மா, ரிசப்ஷன் பெண் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேன். இவரை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் முதல்ல எங்கிட்டதான் கேட்டான். அவருக்கு உடம்புல சக்கரை ஏறிக்கிட்டே போவுதாம். பேரனைப் பாக்கணும்னு வாய் விட்டுக் கேட்டிருக்காரு. ஆனா நம்ம முகத்தைப் பாக்கக் கூச்சம். நாம இல்லாதப்போ வரேன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கினு இருப்பியா? நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு நம்மளையே வெளிய போவச் சொல்றாருன்னு நீ என்ன ஆட்டம் ஆடியிருப்ப?"

ஆடியிருப்பேன். அவர் கேக்கை என் பக்கம் தள்ளினார், நான் தொடவில்லை. இருமல், செருப்பு, அந்தச் சிரிப்பு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சிரிப்புதான் அதிகம் வலித்தது. நான் அவளை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் அவள் காய் நறுக்கினால் பார்ப்பேன், போன் பேசினால் பார்ப்பேன், குழந்தைக்கு விபூதி வைக்கிறாளா என்று பார்ப்பேன். பார்த்துக்கொண்டே இருக்கிற ஒருத்தியின் எதிரில் யாரால் அப்படிச் சிரிக்க முடியும்?

இருட்டுவதற்குள் மறுபடி போன் செய்தேன். "உங்க அப்பா கெளம்பிட்டாரா?" என்றேன்.

"அத்தே..." என்று இழுத்தாள் மருமகள்.

"ராத்திரி அங்கயே தங்கச் சொல்லு. நாளைக்குக் காலையில டிபனுக்கு இங்க கூட்டிட்டு வா. இது எங்க வீடு இல்ல, அவர் வீடும் இல்ல. இங்க வர்றதுல அவருக்கு எந்தக் கவுரவக் குறைச்சலும் கிடையாதுன்னு சொல்லு."

அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாளா, அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்ற பயத்தில் அழுகிறாளா என்று அப்போதும் என் மனது ஆராய்ந்துகொண்டுதான் இருந்தது.

வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அதே வெள்ளைச் சட்டை. மகன் முன்னால், மருமகள் குழந்தையோடு பின்னால், அவர் நடுவில், பிடித்துக் கொண்டுவரப்பட்டவர் மாதிரி. எங்களைக் கும்பிட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கன்னடத்தில்தான் பேசினார், நாங்களும் கன்னடத்திலேயே பேசினோம். முதலில் வெயிலைப் பற்றி, அப்புறம் ஓசூர் ரோடு டிராபிக்கைப் பற்றி. வேறு எதுவும் வரவில்லை.

சாப்பாடு வரிசையாக வைத்திருந்த மேஜையில் அவர் இட்லிப் பாத்திரத்தின் முன்னால் நின்றுவிட்டார். சர்வரைக் கூப்பிட்டு, "இந்தக் கரண்டியை முட்டைக்குப் போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றான். "நிஜமா?" என்றார். இன்னொரு கரண்டி கொண்டுவரச் சொன்னார். மகன் சங்கடத்தில் நெளிந்தான். எனக்கு அந்த மனுஷனை முதல் தடவையாகப் பிடித்தது. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

இரண்டு இட்லி உள்ளே போன பிறகு அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கணவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"குழந்தைக்கு உங்க சர்ச்சுல தண்ணி ஊத்திட்டீங்களா?"

ஞானஸ்நானத்தைச் சொல்கிறார். மருமகளின் கை குழந்தையின் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"இல்ல" என்றேன். "ஊத்தணும்னு எனக்கு ஆசை இருக்கு. அதை நான் மறைக்கல. ஆனா இவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணாம ஒண்ணும் நடக்காது."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் என்னை மறுபடி பார்த்தார், நான் சொன்னதை எங்கேயாவது உரசிப் பார்க்க முடியுமா என்று தேடுகிற மாதிரி.

"ரகசியமா செஞ்சு முடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். "வந்தா அது உறுதியாயிடுமோன்னுதான் இத்தனை நாள் வரல."

"நீங்க ஒரு நாள் வந்து குழந்தையைக் கோயில்ல மொட்டை போடத் தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு நான் நெனச்சேன்" என்றேன்.

என் கணவர் ஒருவர்தான் சிரித்தார். சம்பந்தி சிரிக்கவில்லை. ஆனால் ஆறிப்போன காபியை எடுத்துக் கடைசி வரைக்கும் குடித்தார். குழந்தை எட்டிக் கண்ணாடியைப் பிடித்தபோது, எங்கள் எதிரிலேயே கழற்றிக் கொடுத்தார்.

கிளம்பும்போது கணவரின் கையைப் பிடித்து, "மனெகெ பன்னி, பீகரே" என்றார். வீட்டுக்கு வாங்க சம்பந்தி என்று. வெறும் வாய் வார்த்தையா, நிஜமாகவே கூப்பிட்டாரா என்று நானும் கணவரும் நாள் கணக்கில் பேசினோம். உகாதி நெருங்கும்போது அவர் மனைவி போன் செய்தாள். சந்தாபுராவுக்குப் போனோம்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. சம்பந்தி வாசலில் நின்று அழைத்தார், உள்ளே உட்கார வைத்தார். ஒப்பட்டும், அதாவது நம்ம போளி, சித்ரான்னமுமாக விருந்து. ஆனால் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நின்றுகொண்டே பரிமாறினார். திரும்பி வருகிற பஸ்ஸில், "அது மரியாதைம்மா" என்றார் கணவர். எங்களோடு ஒரே பந்தியில் உட்காரக் கூடாது என்று வைத்திருக்கிறாரோ என்று எனக்குப் பட்டது. மருமகளைக் கேட்டேன். "அப்பா எப்பவும் விருந்தாளி சாப்பிட்டுத்தான் சாப்பிடுவார் அத்தே" என்றாள், என் முகத்தை நேராகப் பார்த்து. நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன். வருகிற மாதம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இந்தத் தடவை நாங்களும் வீட்டில் இருப்போம்.