நுரை ஸ்டூலும் என் சகலையும்

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, தொட்டதெல்லாம் துலங்கும் ரகம். எங்கள் பிளாஸ்டிக் ஸ்டூல் கம்பெனியில் எனக்கு நான்கு வருடம் கழித்துச் சேர்ந்தவர். வார்ப்பு மெஷின் ஓட்டுகிறார். சத்தம் போட்டுச் சிரிப்பார், மெஷினோடு பேசுவார், அதுவும் அவர் பேச்சைக் கேட்டுத் தொலைக்கும். அவரைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று என் மனைவி சொல்லாத வாரம் இல்லை. எனக்கு வயிறு எரியும்.

நான் பரிசோதனை அறையில் இருந்தேன். ஸ்டூலிலிருந்து துண்டு வெட்டி இழுத்து, வளைத்து, உடைத்துப் பார்ப்பது என் வேலை. ஃபோர்மேன் பதவி காலியானபோது அது எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சகலை ஒரு பொடியோடு வந்து நின்றார். உருகும் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் கலந்தால் வாயு கிளம்பி, ரொட்டிக்குள் இருப்பதுபோலக் குமிழி விடும். அதே எடையில் தடிமனான பலகை கிடைக்கும். மேனேஜர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். பக்கத்தில்தான் நானும் நின்றேன்.

அந்த நுரைப் பலகையின் துண்டுகள் சோதனைக்கு என்னிடம் வந்தன. இழுத்தேன், சாதாத் துண்டைவிடச் சீக்கிரம் அறுந்தது. சுத்தியல் அடியையும் தாங்கவில்லை. என் மனசு குளிர்ந்தது. ஆனால் வளைத்தபோது, பாவி, சாதாத் துண்டைவிட விறைப்பாக நின்றது. குமிழிகள் நடுவில்தான், மேலும் கீழும் கெட்டியான தோல். வளையும்போது பாரத்தை வாங்குவது அந்தத் தோல்தான். உட்காரும் பலகைக்கு அது போதும்.

துண்டு தடிமனாக இருக்கிறது, அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் தோலைச் சீவினேன். சட்டென்று ஒடிந்தது. ஒடிந்த பாரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன், சீவியதை எழுதவில்லை. நுரை ஸ்டூல் யோசனையையே மூட்டை கட்டினார்கள். கண்ணும் கருத்துமாகச் சோதித்தேன் என்று பதவியை எனக்கே கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் சகலை என் அறைக்கு வந்தார். ஒடிந்த துண்டை எடுத்து விரலால் தடவினார்.

"தோலைச் சீவிட்டு வளைச்சிருக்கீங்களே அண்ணே."

மேஜை மேல் கிடந்த சீவல்களை நான் குப்பைக் கூடையில் தள்ளினேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அக்கா இன்னைக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க. நீங்களே ஃபோர்மேனா இருங்க."

அவர் வாயைத் திறந்திருந்தால் பதவி அவருக்கே போயிருக்கும். இரண்டு வருடமாக மூச்சு விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் அதே சிரிப்பு, அதே அண்ணே. ஒரு தடவை திருடன் என்று திட்டியிருந்தாலாவது நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இதிலும் அவரே ஜெயித்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.