ஒன்பது காபி பாட்டில்கள்

காவலாளிகளுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் சீருடை தைப்பதுதான் தையல்காரம்மாவின் பிழைப்பு. முன்னறையில் மெஷின்; ஜன்னலோரப் பலகையில் ஒன்பது கண்ணாடி பாட்டில்கள் நிறையப் பட்டன்கள். கணவர் ஒரே காபித்தூளைத்தான் தொடுவார் என்பதால் ஒன்பதும் ஒரே அச்சு.

லேபிளை உரித்தபோது பசை மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகத் தங்கிவிட்டது. கறுப்பு பட்டன் பாட்டிலில் சுற்றிலும் ஒரு பட்டை. கருநீலத்தில் அடிப்பக்கம் ஒரு காகிதத் துணுக்கு. பழுப்பில் உள்ளங்கை அகலப் பிசுபிசுப்பு. பார்க்க அசிங்கம்தான். ஆனால் இரண்டு வருடமாகத் தையல்காரம்மா அவற்றைப் பார்க்கவில்லை, தடவித்தான் எடுத்தார். கண் மங்கிக்கொண்டே வந்தது. தையல் கைப்பழக்கத்தில் ஓடியது, அடர்ந்த நிறங்கள்தான் ஒன்றோடொன்று கலந்தன. வெளியே தெரிந்தால் சீருடை வேலை போய்விடும் என்று கணவரிடம்கூட மூச்சுவிடவில்லை.

தையல்காரம்மா காய்ச்சலில் படுத்தபோது ஒத்தாசைக்கு வந்தார் நாத்தனார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷி. பட்டன்களைத் தட்டுகளில் கொட்டிவிட்டு, பாட்டில்களைச் சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்தார். காகிதம் கழன்றது, பசை அசையவில்லை. சமையல் எண்ணெயில் சோடா உப்பைக் குழைத்துப் பூசி, கால்மணி நேரம் விட்டு, பழைய துண்டால் தேய்த்தார். மிச்சத்தை ஸ்பிரிட் கழுவியது. பட்டன்களை நிரப்பி, வரிசையாக அடுக்கி, அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தையல்காரம்மா ஒவ்வொன்றாகத் தடவினார். எல்லாம் வழவழவென்றிருந்தன. நல்லா இருக்கு என்றார். மறுபடியும் முதல் பாட்டிலிலிருந்து தடவினார்.

காவலாளிகளின் கோட்டுகள் மறுநாள் போகவேண்டும். குத்துமதிப்பாக ஒரு பாட்டிலைத் திறந்து தைத்து முடித்தார். மடிக்க உட்கார்ந்த நாத்தனார் மூன்றாவது கோட்டில் நின்றார்.

"அண்ணி, கறுப்பு கோட்டுல நீல பட்டன் வச்சிருக்கீங்க."

தையல்காரம்மாவின் விரல்கள் பாட்டில்களைத் தடவித் தேடின. நாத்தனார் பாட்டில்களைப் பார்த்தார், அண்ணியின் விரல்களைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதடி."

"சொல்லல. நாளைக்கு டாக்டர்கிட்ட மட்டும் நீங்களே சொல்லுங்க."

அன்று மாலைக்குள் அத்தனை பட்டன்களையும் பிரித்து மாற்றித் தைத்தது நாத்தனார்தான். பிறகு துணி டேப்பை வெட்டி, கறுப்புக்கு ஒரு வளையம், நீலத்துக்கு இரண்டு என்று தான் துடைத்த பாட்டில்களில் தானே ஒட்டினார். கோட்டுகள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன.

கண்புரை என்றார் டாக்டர். அறுவைச்சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்து வீடு வந்ததும் தையல்காரம்மா முதலில் பார்த்தது ஜன்னலோரத்தை. கறுப்பு கறுப்பாகவும் நீலம் நீலமாகவும் இருந்தன.

டேப்பை உரித்தார். பசை தங்கியது. எண்ணெயும் சோடாவும் குழைத்து ஒரு பாட்டிலைத் தேய்த்தார், நன்றாகவே போனது. மற்ற எட்டை அப்படியே வைத்துவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டார்.

"கண்ணு நல்லா தெரியுது. ஆனா உன்ன மாதிரி தேய்க்க எனக்கு வரலடி. வந்து நாலு நாள் இருந்துட்டுப் போ."