பொட்டு வைத்த அம்பாசடர்

செங்கம் சாலையில் எங்கள் வீட்டில், பொம்மை வண்டிகளைச் சேகரிப்பவர்களுக்காக உள்ளங்கை அளவு அம்பாசடர் கார்கள் செய்கிறோம். விற்று வருவதெல்லாம் பார்வையற்ற பிள்ளைகளின் விடுதிக்கு. நிஜக் காருக்குப் போலவே இவற்றுக்கும் பூஜை போட்டுத்தான் அனுப்புவோம். எலுமிச்சம்பழம் வைத்தால் கார் கவிழ்ந்துவிடும் என்று என் மனைவி சக்கரத்தடியில் சுண்டைக்காய் வைப்பாள்.

மொத்தமாக வாங்க வந்த சென்னை வியாபாரி, பானெட்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பொம்மைக்குப் போய் பூஜையாங்க? தொடச்சிக் குடுங்க, எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்."

விடுதியின் அரிசி அந்த ஆர்டரை நம்பியிருந்தது. எனக்கும் பயம்தான்.

"அண்ணாமலையாருக்குக் காட்டுனதுங்க. தொடைக்க மாட்டேன்," என்றேன்.

அவர் போய்விட்டார். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் நாங்களே கடை விரித்தோம். அத்தனையும் விற்றது. விடுதியில் இறக்கிய அரிசி மூட்டைக்கும் வீம்புக்கென்றே ஒரு பொட்டு வைத்தேன்.