தையில தேடி ஆடியில பத்தவெச்ச அடுப்பு

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவி என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சூப்பர்வைசர் மூக்கு மேல உட்கார்ந்து ஒரு டீ குடிக்கணும்.

தப்பாக நினைக்க வேண்டாம். மூக்கு என்பது ஒரு பாறை. ஆம்பூரிலிருந்து கம்பெனி பஸ் வாணியம்பாடிப் பக்கம் போகும்போது இடதுபக்க ஜன்னலில் ஜவ்வாது மலை கூடவே வரும். அதில் ஓரிடத்தில் மொட்டைப் பாறை ஒன்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அது தையல் செக்‌ஷன் சூப்பர்வைசரின் மூக்கேதான் என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. அன்றிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள் பாறை வந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அசல் மூக்கு டீ டைமில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் டீ வரும், கொதிக்கக் கொதிக்க வரும், ஊதி ஆற்றுவதற்குள் பெல் அடித்துவிடும். நாக்கைச் சுட்டுக்கொள்ளலாம், அல்லது கொட்டிவிட்டுப் போகலாம். “பெல் அடிக்காத எடத்துல ஒரே ஒரு டீ. அதுவும் அந்த ஆளு மூக்கு மேல” என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் “பார்க்கலாம்” என்பேன். பார்க்கலாம் என்றால் எங்கள் வீட்டில் மாட்டேன் என்று அர்த்தம்.

நானும் அதே கம்பெனிதான். செக்கிங். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பத்தாவதில் ஃபெயிலாகிவிடுவோமோ என்று பயந்து ஒன்பதாவதிலேயே நின்றுவிட்டேன், அதனால் இன்றுவரை நான் ஃபெயிலானதே இல்லை. செக்கிங் எனக்கென்றே செய்து வைத்த வேலை. ஷூவை எடு, திருப்பு, எங்கே என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பார், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டு. வீட்டில் சும்மா படுகிற கவலையை அங்கே சம்பளத்துக்குப் படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பொங்கல் முடிந்த வாரம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, பைக் மெக்கானிக். வாயும் அதே ஆயில்தான், வழுக்கிக்கொண்டே இருக்கும்.

“அக்கா, மலை மேல இருந்து ஒருத்தர் வண்டி ரிப்பேருக்கு வர்றாரு. உன் மூக்குப் பாறை அவரு பட்டா நெலத்துலதான் இருக்குதாம். காட்டுக்குள்ளலாம் போவ வேணாம், அவரு கொல்லை வழியாவே ஏறிக்கலாம்னாரு. ஒண்ணே ஒண்ணு, சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டக் கூடாதாம், சருகு பத்திக்கும். சின்ன கேஸ் அடுப்புன்னா பாறை மேல வெச்சுக்கலாமாம்.”

“ஃப்ளாஸ்க்ல எடுத்துட்டுப் போனா இன்னா?” என்றேன்.

“ஃப்ளாஸ்க் டீயைத்தான் தெனமும் கம்பெனியில குடிக்கிறேனே. அதைக் குடிக்க மலை எதுக்கு, மயிரு எதுக்கு?” என்றாள்.

வேறு வழியில்லாமல், “சரி, அடுப்பை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அடுப்பு என்றால் நெருப்பு என்பது எனக்கு உறைத்தது.

என் பயம் உங்களுக்குப் புரியாது. எங்கள் கம்பெனியில் பேஸ்டிங் பக்கம் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாக்கள் திறந்தே இருக்கும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கேட்டிலேயே தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். வருஷம் தவறாமல் தீயணைப்பு டிரெயினிங், மணி அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடணும். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். நான் மட்டும் நிஜமாக ஓடுவேன்.

போனில் தேட ஆரம்பித்தேன். அடுப்பில் இத்தனை ஜாதி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கேஸ் டப்பா தலையிலேயே திருகி மாட்டுகிற உள்ளங்கை அடுப்பு. ஓட்டல் மேஜையில் வைக்கிற பெட்டி அடுப்பு. ஸ்பிரிட் ஊற்றி எரிப்பது. கற்பூரம் மாதிரி வெள்ளைக் கட்டி வைத்து எரிப்பது. பாத்திரமும் அடுப்பும் ஒட்டிப் பிறந்த வெளிநாட்டு அடுப்பு, அதன் விலையைப் பார்த்துவிட்டு அவசரமாக அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

வாங்கியவர்கள் எழுதியிருப்பதைப் போனே தமிழாக்கிக் கொடுக்கும். அஞ்சு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை நான் படிக்கவில்லை. நல்ல ஷூவை எவன் கையில் எடுத்துப் பார்க்கிறான்? ஒற்றை நட்சத்திரக்காரர்கள்தான் என் சொந்தக்காரர்கள். ஒருத்தருக்குப் புருவம் கருகியிருந்தது. ஒருத்தருக்குக் கால் மடங்கிப் பாத்திரம் கவிழ்ந்திருந்தது. அடுப்புக்குக் கால், அவருக்கு இல்லை, ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொருத்தர் காற்று மறைப்புக்காகச் சுற்றிலும் தகரம் வைத்திருக்கிறார், அடியில் இருந்த கேஸ் டப்பா சூடாகித் தொட முடியாமல் போய்விட்டது, நல்லவேளை ஓடிவிட்டேன் என்று எழுதியிருந்தார். அவர் ஓடியதை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறைப்பு வைக்காவிட்டால் காற்றில் அணையும். வைத்தால் டப்பா வெடிக்கும். முடிந்தது கதை.

இப்படியே மாசி போனது. பங்குனி போனது. சித்திரையில் வெயில் ஜாஸ்தி என்றேன். வைகாசியில் கல்யாணங்கள். ஆனியில் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“யோவ்.”

சாதாரணமாக ‘ஏங்க’தான். யோவ் வந்தால் அன்றைக்கு விசாரணை என்று பொருள்.

“தையிலேருந்து பாக்குறேன். நீ அடுப்பு தேடல. சாக்கு தேடுற. அடுப்பு கெடைச்சிட்டா மலைக்குப் போவணுமே, அதான் கெடைக்க மாட்டேங்குது.”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

“ஆடி பொறந்த மொத ஞாயித்துக்கெழமை நான் என் தம்பியோட போறேன். நீ வீட்ல உக்காந்து செவத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டு.”

சரி என்று விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம், அவள் மலையில் இருக்க நான் வீட்டில் இருந்தால் என்னென்ன நினைப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். பாம்பு, பாறை, வழுக்கல், வெடிக்கிற டப்பா, சிக்னல் இல்லாத போன். கூடப் போனால் பயம் கம்மி. போகாவிட்டால் ஜாஸ்தி. கணக்கில் நான் எப்போதும் வீக், ஆனால் இந்தக் கணக்கு வந்தது.

வராத கணக்கு ஒன்றும் இருந்தது. தையில் போயிருந்தால் மலையில் இலைகூட அசைந்திருக்காது. ஆறு மாசம் இழுத்து இழுத்து, வருஷத்திலேயே காற்று அதிகமான மாசத்துக்கு நானே தேதி குறித்திருக்கிறேன். மச்சான் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். “ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம். எங்க மாமா உள்ளங்கை அளவுல அடுப்பு தேடுறாரு.”

என் போனைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போன மனைவி ஓரிடத்தில் நிறுத்தினாள். தரையோடு தரையாகக் குட்டையாக, மூன்று கால் விரித்து ஒரு அடுப்பு. அதிலிருந்து ஒரு ஹோஸ் பைப் வந்து, தள்ளி நின்ற கேஸ் டப்பாவில் சேர்ந்தது.

“இதுக்கு இன்னா கொறை?”

“அதுல...”

“நம்ம வீட்ல சிலிண்டரை அடுப்புக்கு அடியிலயா வெச்சிருக்கோம்? தள்ளி வெச்சு டியூப்தானே போட்டிருக்கோம்? அடுப்பைச் சுத்தி மறைச்சா டப்பா எப்படிச் சூடாவும்?”

ஒற்றை நட்சத்திரத்தைத் தேடினேன். ஒரே ஒருத்தர். அட்டைப்பெட்டி நசுங்கி வந்ததாம். நான் தோற்றேன்.

அடுப்பு வந்த அன்றைக்கு ஹோஸ் பைப் முழுக்க சோப்பு நுரை தடவி, எங்கேயாவது கொப்புளம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மறுபடி தடவினேன். “பச்சைக் கொழந்தையக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்க மாமா” என்றான் மச்சான். பிறகு அவனே ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கி வந்து முழு வேகத்தில் வைத்தான். அடுப்பு ஒரு ஆட்டம் ஆடி அணைந்தது. கூடவே வந்த மெல்லிய அலுமினிய மறைப்பை நிற்க வைத்தோம். அது எழுந்து பறந்து எதிர்வீட்டு ஷீட் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, காக்கா உபயோகப்படுத்துகிறது.

எங்கள் ஊரில் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் தோலைத்தான் நீட்டுவோம். தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய பழைய தோல் ஏப்ரனைக் கழற்றினார்.

“தெனம் இதுல நெருப்புப் பொறி மழையாக் கொட்டுது. ஒண்ணும் ஆவல. எடுத்துட்டுப் போ தோஸ்த். ஆனா ஒண்ணு, டீ போட இவ்ளோ பேஜாரு பண்ற ஆளை நான் பாத்ததில்ல. கடையில குடிச்சிட்டுப் போயேன்பா.”

அதை வெட்டிக் காற்று மறைப்பாகத் தைக்கிற மீதி வேலையை மனைவி பார்த்துக்கொண்டாள். பக்கத்துத் தெருவில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற வீட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். டீ போடுகிற போசிப் பாத்திரத்தைக் கூடவே கொண்டுபோய், காலுக்கு ஷூ அளவெடுப்பது போல அளவெடுத்தாள். அடியில் கல் வைத்து அழுத்த மடிப்பு, ஓரத்தில் இரட்டைத் தையல், ஹோஸ் பைப் நுழைய ஒரு வாய், அந்த வாய்க்கும் சுற்றி ஒரு பட்டை. கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஊசி முனை வெளிச்சம்கூட வரவில்லை. ஒரு தையல் தாவவில்லை. “பாஸ்” என்றேன். வீட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல்தடவை. சாம்பாருக்குக்கூடச் சொன்னதில்லை. அவள் அன்றைக்கு ரொம்ப நேரம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பைக்குகளில் மலைக் கிராமம் வரை போய், அந்த விவசாயியின் களத்தில் தங்கி, ஞாயிறு காலை ஏறினோம். வழியை எழுத எனக்கு அருகதை இல்லை. நான் என் கால் கட்டைவிரலைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மச்சான் முன்னால் போய்க்கொண்டே, “மாமா, கேஸ் டப்பா உங்க பையிலதானே? அப்பன்னா கொஞ்சம் தள்ளியே வாங்க” என்றான்.

மூக்கு மேல் காற்று அப்படி ஒரு காற்று. தலையில் கட்டிய துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்கணும். அவள் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. பால் பவுடர், டீத்தூள், சர்க்கரை, நசுக்கி வைத்த இஞ்சி என்று கல்யாண வீட்டுத் தாம்பூலம் மாதிரி வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் கல் வைத்தாள். அடுப்பை வைத்தோம். மறைப்பைச் சுற்றி, மடிப்பில் கற்களை அடுக்கினோம். பற்ற வைத்தேன். நீலமாக எரிந்தது. உள்ளே காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று பேரும் கத்தினோம்.

போசியை வைத்தாள். மறைப்புக்குள் கச்சிதமாக இறங்கி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் நீலம் மஞ்சளாகி, மஞ்சள் அழுக்காகி, பொசுக்கென்று போய்விட்டது.

மறுபடி பற்ற வைத்தேன். மறுபடி போனது. டப்பாவைக் குலுக்கினேன், கேஸ் இருந்தது. மூன்றாவது தடவையும் அதேதான். தோல் கருகிய வாடை மட்டும் வந்தது, கம்பெனிக்கே போய்விட்ட மாதிரி.

“பச்சைத் தண்ணியில கலக்கிக் குடிச்சிட்டு எறங்கிடலாமாக்கா?” என்றான் மச்சான். அவள் இஞ்சிப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. டப்பா வெடிக்கும் பயம்கூட அதற்குப் பின்னால்தான் நின்றது. இன்றைக்கு டீ இல்லாமல் இறங்கினால் இவள் இனிமேல் என்னிடம் எதையும் கேட்கமாட்டாள்.

குனிந்து மறைப்பைப் பார்த்தேன், ஷூவைப் பார்க்கிற மாதிரியே. தப்பே இல்லை. அடியில் இடைவெளி இல்லை. ஓரத்தில் இடைவெளி இல்லை. மேலே போசி மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது. காற்று நுழையக் கூடாது என்று தைத்தாள், நான் பாஸ் போட்டேன், காற்று நுழையவில்லை. நெருப்புக்கு மூச்சு முட்டிவிட்டது.

“மச்சான், கத்தி குடு.”

“எதுக்கு மாமா? தற்கொலைலாம் வேணாம், டீதானே?”

காற்று அடிக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், அடியை ஒட்டி, கத்தியைக் குத்தினேன்.

“யோவ்! இன்னாய்யா பண்ற? ஒரு தையலு வுடாம அடிச்சேன்யா அதை!”

“அதான் தப்பு” என்றேன். இன்னொன்று குத்தினேன். அப்புறம் இன்னொன்று. மேல் ஓரத்திலும் போசியைச் சுற்றிப் பிறை பிறையாக வெட்டினேன். வாழ்க்கை முழுக்க ஓட்டையைத் தேடித் தேடி ஸ்டிக்கர் ஒட்டியவன், நல்ல சரக்கில் கைகூசாமல் ஓட்டை போட்டேன். இவ்வளவு சுகமான வேலை என்று தெரிந்திருந்தால் செக்கிங்குக்கே வந்திருக்க மாட்டேன்.

பற்ற வைத்தேன். போசியை வைத்தாள். நீலம் நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், அது மூச்சு விட்டது. தண்ணீர் ஓரத்தில் முணுமுணுத்து, நடுவில் பேச ஆரம்பித்தது. இஞ்சிப் பொட்டலம் மறுபடி பையிலிருந்து வெளியே வந்தது.

டீயில் கருகிய தோல் வாடை லேசாக இருந்தது. சர்க்கரை ஜாஸ்தி. பால் பவுடர் கட்டி கட்டியாக மிதந்தது. நான் கவலையோடு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பாறையின் நுனியில், சரியாக மூக்கு நுனியில், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே ரோடு நூல் மாதிரி தெரிந்தது. தகரக் கூரை ஒன்று பளபளத்தது.

“இங்கேருந்து பாத்தா நம்ம கம்பெனிகூட அழகாத்தான் இருக்குது. நாத்தம் வரல இல்ல” என்றாள்.

ஒரு வாய் குடிப்பாள். ஊதுவாள். டம்ளரைக் கையில் உருட்டுவாள். மறுபடி ஊதுவாள். டீ எப்போதோ ஆறிவிட்டது, அப்போதும் ஊதினாள். மச்சான் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இறங்கும்போது பாறை சுடும், தண்ணீர் கம்மியாக இருக்கிறது, மேற்கே ஒரு மேகம் வேறு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் குடியேன், எறங்கணும்ல” என்றேன்.

அவள் திரும்பக்கூட இல்லை.

“ஏங்க, பெல்லா அடிச்சிது?”